திரைக்கு முதுகு காட்டி இருந்த மெற்றில்டா அக்கா

நான் வேலைசெய்து ஓய்வுபெற்ற நிலையத்துப் பிள்ளைகள் சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு, ஒரு கணினிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினார்கள். நாங்கள் ஒரு காலத்தில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த படம் ஒன்றை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். “அக்கா, கீழ பாருங்கோ, எவ்வளவு சனம் எழுதியிருக்கினம்” என்று ஒரு பிள்ளை திரையை உருட்டிக் காட்டினாள். பார்த்தேன். இதயம் போட்டவர்கள், நெருப்புப் போட்டவர்கள், கைகூப்பியவர்கள், தாய் தகப்பனை இழுத்து ஏசியவர்கள், படத்தைப் பார்க்காமலே ஏசியவர்கள். ஏசியவரை ஏசியவர்களின் வரிசை தனியாக நீண்டுகொண்டு போனது.

“எப்பிடி அக்கா?” என்றாள்.

“நல்லம். ஆனா அந்த வள்ளம் போகுதோ வருகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றேன்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓய்வுபெற்றால் இப்படித்தான் ஆகும் போலும் என்று நினைத்திருப்பார்கள். சரி, வள்ளக் கதையைச் சொல்லத் தொடங்கினால் மற்றக் கதையையும் சொல்லவேண்டும். எழுதியே தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

என் வேலை என்னவென்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் பெரும்பாடு. மன்னார் நகரில் ஒரு சின்னக் காணொளி நிலையம். ஊர்களுக்குப் படம் கொண்டுபோய்க் காட்டுவோம். படம் முடிந்ததும் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பது என் பொறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா “கந்தோரில வேலை” என்று சொல்லிச் சமாளித்தார். அவர்கள் எந்தக் கந்தோர், எந்த அலுவலகம் என்று கேட்டபோது உள்ளே தேத்தண்ணீர் பொங்குகிறது என்று எழும்பிப் போய்விட்டார்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சத்துணவு, மலேரியா, சீட்டுக் கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று படங்கள். ஒரு சத்துணவுப் படத்தில் கஞ்சி காய்ச்சும் பெண் கமராவைப் பார்த்து நீளமாக விளக்கம் சொல்வாள். முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு “இதில இருந்து என்ன படிச்சனீங்கள்?” என்று கேட்டேன். “அவ கதைச்சுக்கொண்டு நிண்டதில கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சுது” என்றார் ஒரு தாய். மற்றப் பெண்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. என் மேலாளருக்கு மட்டும் அப்படி ஒரு சந்தோசம்.

அவர்தான் பெனடிக்ற் சேர். கல்விக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்று நிலையத்தைப் பொறுப்பெடுத்தவர். எந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை. மைக் பிடிக்கமாட்டார். மெல்லத்தான் கதைப்பார். அவர் கதைப்பதைக் கேட்கவேண்டும் என்றால் சனம் தானாக அமைதியாக வேண்டும். அன்று வானில் திரும்பும்போது சொன்னார்:

“பிள்ளை, நீ, ‘என்ன படிச்சனீங்கள்’ எண்டு கேட்டனி. அது வாத்தியார் கேக்கிற கேள்வி. சனம் உனக்கு வேண்டிய மறுமொழியைத் தேடிப் பிடிச்சுத் தரும். எது கண்ணுக்குள்ள நிக்குது எண்டு கேள். கஞ்சி நிண்டால் கஞ்சி.”

அதுமட்டுமல்ல. படம் முடிந்தவுடன் விளக்கைப் போடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. சேர் ஒரு தோடம்பழ இனிப்பை வாயில் போடுவார். அது கரைந்து முடியும் வரைக்கும் எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையக்கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது. கதிரையை இழுப்பார்கள், இருமுவார்கள். சேர் இனிப்பைக் கடித்துத் தின்றுவிடமாட்டார் என்பதுதான் சோதனை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது, தலையாட்டாமல் நிற்பது. “நீ தலையாட்டினால் சனம் உன்ர தலையைப் பார்த்துத்தான் கதைக்கும். எங்க ஆட்டுறியோ அங்கால போகும்” என்பார். ஒருவர் அழுதுகொண்டு கதைக்கும்போது தலையாட்டாமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். முதல் வருசம் எனக்குக் கழுத்து நோ.

போர் முடிந்து சில வருசங்கள் போனபிறகு அந்தப் படம் எங்களிடம் வந்தது. கொழும்பில் இருந்து ஒரு இளம் பெண் எடுத்த ஆவணப்படம். தலைமன்னாரைச் சேர்ந்த றெஜி என்ற அரசியல் கைதியைப் பற்றியது. றெஜி பற்றரிக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் பெருந்தெருவில் கண்ணிவெடி வெடித்தது. இராணுவத்துக்கு வைத்தது, ஒரு லொறி அகப்பட்டது. அதற்குப் பற்றரி கொடுத்தவர் என்று றெஜியைப் பிடித்தார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. அதில் வேறு இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. அவர்களும் உள்ளே போனார்கள்.

ஆகவே றெஜியைப் பற்றி ஊரில் ஒரே கதை இல்லை. அப்பாவி என்றார்கள் சிலர். செய்தவர்தான், செய்ததால்தான் பெரிய ஆள் என்றார்கள் சிலர். அடிக்குப் பயந்து மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தவர் என்று முகத்தைத் திருப்பியவர்களும் உண்டு. படம் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. சிறைக்குள் கமரா விடமாட்டார்கள்தானே. நீதிமன்ற வாசலில் சிறைச்சாலை பஸ்ஸின் கம்பிக்குள்ளால் ஒரு முகம் தெரிந்து மறையும். மிச்சம் பெரும்பாலும் அவருடைய அக்கா மெற்றில்டா கதைப்பதுதான்.

மெற்றில்டா அக்கா தலைமன்னாரில் தையல் கடை வைத்திருந்தார். கலியாணம் கட்டவில்லை. மாதா மாதம் தம்பியைப் பார்க்கக் கொழும்புக்குப் போய்வருவார். எங்கள் முதல் காட்சி தலைமன்னாரில்தான், பழைய கப்பல் பாலத்துக்குக் கிட்ட. அவர் வந்தார், முன்வரிசைக் கதிரையைத் தூக்கினார், திரைக்கு முதுகு காட்டிச் சனத்தைப் பார்த்தபடி போட்டு இருந்தார்.

“அக்கா, படம் அங்கால” என்றேன்.

“எனக்குத் தெரியும் பிள்ளை. என்ர வீட்டுக் கதை எனக்குப் பாடம். நான் இவையளைப் பாக்கவேணும்.”

ஆர் நம்புகிறார், ஆர் நம்பவில்லை, ஆர் எந்த இடத்தில் உதட்டைச் சுளிக்கிறார் என்று படம் முடியுமட்டும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவந்த சனத்துக்குத் திரையில் ஒரு மெற்றில்டா, அதற்குக் கீழே இன்னொரு மெற்றில்டா. பாவம், கொட்டாவி விடக்கூட ஒருத்தருக்கும் துணிவு வரவில்லை.

அன்று நல்ல காற்று. திரைச்சீலை பாய் மாதிரி ஊதிக்கொண்டு எழும்பியது. றெஜியின் முகம் வீங்கும், பிறகு வற்றும். கடைசியில் பின்னுக்கு இருந்த கடற்தொழிலாளிகள் பொறுக்கமாட்டாமல் எழும்பி வந்து, நாங்கள் கட்டிய முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, தங்கள் முறையில் கட்டிவிட்டுப் போய் இருந்தார்கள். அதன்பிறகு திரை அசையவில்லை.

படம் முடிந்தது. சேருடைய இனிப்பும் கரைந்தது. “எது கண்ணுக்குள்ள நிக்குது?” என்று கேட்டேன்.

“அந்த வள்ளம்” என்றார் ஒருவர்.

றெஜியின் தகப்பனுடைய வள்ளம் பொழுது படுகிற நேரத்தில் கடலில் போவதாக ஒரு காட்சி. படம் எடுத்த பிள்ளை அதை எவ்வளவு ஆசையாக எடுத்திருப்பாள்.

“அந்த வள்ளம் போகுதோ, வருகுதோ?”

“போகுது. பாக்கேல்லையே, வலை காய்ஞ்சு கிடக்கு.”

“போறதெண்டால் என்னத்துக்கு வள்ளத்தின்ர முன் அணியம் கரைப் பக்கம்?”

அரைவாசி நேரம் இதில் போனது. நான் சேரைப் பார்த்தேன். அவர் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வயதானவர் எழும்பினார். றெஜியின் கடையில் பொலிஸ் எல்லாப் பற்றரிகளையும் ஏற்றிக்கொண்டு போகிற படம் வந்ததே, அதில் இடப்பக்கம் கிடந்தது தன்னுடையது என்றார். “சார்ஜ் போடக் குடுத்தனான். நான் வள்ளத்து லைற்றுக்கு வாங்கினது. கோட்டில இப்ப என்ர பற்றரியும் சாட்சி.” சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு தங்கள் பற்றரியும் அங்கே கிடந்ததாக இன்னும் சிலர் சொன்னார்கள். மெற்றில்டா அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். பிறகு எழும்பி, எங்கேயும் சொல்வதையே சொன்னார்: “என்ர தம்பி செய்யேல்ல. அதை மட்டும் நினைவில வச்சுக்கொண்டு போங்கோ.”

அவருக்கு எங்களோடு வான் வசதியும் கிடைத்தபிறகு ஒரு காட்சியும் தவறவில்லை. நறுவிலிக்குளத்துக்கு வந்தார். அங்கே வயல்காரர்கள். வள்ளத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தில் வந்த வழக்கறிஞருடைய வீட்டு முற்றத்தில் நின்ற மாமரம் என்ன இனம் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவர் எழும்பிக் கோபமாகக் கேட்டார்: “இவர் செய்தவரோ, இல்லையோ? அதைச் சொல்லாமல் என்ன படம்?” சேர் அவரிடம் போய், மெல்ல, “அது எனக்கும் தெரியாது ஐயா. நீங்கள் என்ன கண்டனீங்கள்?” என்றார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். “அந்த அக்காவின்ர கைப்பையைக் கண்டனான். எல்லா இடத்திலயும் அதே கைப்பை” என்று சொல்லி இருந்துவிட்டார். மெற்றில்டா அக்கா மடியில் இருந்த கைப்பையைக் குனிந்து பார்த்தார்.

எங்களுக்கு இன்னொரு நிரந்தரப் பார்வையாளரும் இருந்தார். சீருடை இல்லாமல் சிவில் உடுப்பில் பின்வரிசையில் வந்து நிற்பவர். எங்கிருந்து வருகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் காட்சியில் இருந்து அவரே கதிரை அடுக்க உதவத் தொடங்கிவிட்டார். ஒருமுறை வேண்டுமென்றே அவரிடமும் மைக்கை நீட்டினேன். பின்னுக்கு ஒரு அடி வைத்து, கஷ்டப்பட்டுத் தமிழில், “எனக்கு சொல்ல ஒண்டும் இல்ல மிஸ். நாளைக்கு எங்க படம்?” என்றார். அதைவிட நல்ல விமர்சனம் எங்களுக்குக் கிடைத்ததில்லை என்று சேர் சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே திரிந்த எங்களுக்கு முசலிக் கரையில் ஒரு முஸ்லிம் ஊரில்தான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது.

பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஒருவர், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தைத் தரலாம் என்று சேரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “ஆனா சேர், அந்த லொறி றைவர்ட குடும்பம் இங்கதான் இருக்கு. அந்தப் புள்ளைக்கிட்ட முதல் கேளுங்க. அது வேணாம் எண்டால் வேணாம்” என்றார்.

எங்களுக்கு அது புதிது. படத்தில் அந்த மனிதருக்கு ஒரேயொரு வசனம்தான் இருந்தது. ‘வெடியில் சிக்கி லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார்.’ கூடவே எரிந்த லொறி ஒன்றின் படம். எத்தனையோ தரம் அந்த வசனத்தைக் கேட்டிருந்தோம்.

சேர் என்னை அனுப்பினார். “படத்தைப் பற்றி நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. என்ன இருக்கெண்டதைச் சொல். மறுமொழி வந்தபிறகு அங்க நிண்டு கதை வளர்க்காதே.”

சாரதியின் மனைவி பெயர் நபீலா. என் வயதுதான் இருக்கும். புதுக் கல்வீடு, பூச்சு முடியவில்லை. கணவர் இறந்த காலத்தில் அவர்கள் புத்தளத்தில் அகதிகளாக இருந்தார்களாம். அவர் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் ஐஸ் லொறி ஓட்டினாராம். போர் முடிந்தபின் நபீலா பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கைதியின் அக்காவும் வருவார் என்பதையும் சொன்னேன். அது சேர் சொல்லித் தந்ததல்ல. ஆனால் மறைத்துவைக்க மனம் வரவில்லை.

“போடுங்க. நான் வாறன். ஆனா ஒண்டும் கதைக்கமாட்டன்” என்றார்.

திரும்பி வந்து மெற்றில்டா அக்காவிடம், இந்த ஊருக்கு மட்டும் வராமல் விடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“என்னத்துக்கு? நான் ஒளிச்சால் தம்பி செய்தவன் எண்டுதானே சனம் நினைக்கும்?”

வெளிச்சம் உள்ளே வராமல் பாடசாலை யன்னல்களைத் தறப்பாள் விரிப்பால் மூடினோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மெற்றில்டா அக்கா வழமைபோலக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார். நபீலா பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தார். அவர்களில் நபீலா ஆர் என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். படம் ஓடும்போது நானும் அன்று திரையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வசனம் வந்தபோது நபீலா முன்னுக்குச் சரிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

முதலில் ஆண்கள் கதைத்தார்கள். ஒருவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. “உங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்க இருக்கிறார், அதுக்குப் படம். சரி. எங்களை இயக்கம் உடுத்த உடுப்போட வெளிக்கிடச் சொன்ன நாள், முழு ஊரும் ரோட்டில நடந்தது. அதுக்கு ஆர் படம் எடுத்தீங்க?” மண்டபம் முழுக்க ஓம் என்றது. மறுமொழி சொல்ல என் வாய் உன்னியது. சேர் அசையவில்லை. கேட்டவருக்குக் கேள்வியை முழுதாகக் கேட்டுமுடிக்க விட்டார். முடித்தபின், “ஒருவரும் எடுக்கேல்ல. அது உண்மை” என்றார். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்போது நபீலா கையை நீட்டினார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அது அவர்ட லொறி இல்ல” என்றார்.

மண்டபம் விளங்காமல் பார்த்தது.

“படத்தில காட்டின லொறி சிவப்பு. அவர்டது நீலம். முன் கண்ணாடிக்கு மேல மூத்தவள்ட பேர் எழுதியிருந்தார். அது வேற ஆர்டயோ லொறி. இந்தத் தம்பி செஞ்சாரா இல்லையா எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். அவர் செஞ்சாரா இல்லையா எண்டு முழுப் படமும் கேக்குறீங்க. எங்கட வீட்டாள் மௌத்தானது நிச்சயம்தானே? அதில ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லையே? அப்ப அவருக்கு ஏன் பேர் இல்ல?”

மெற்றில்டா அக்கா எழும்பினார். படத்தில் கண்ட முகம் என்றபடியால் ஆர் என்று எல்லோருக்கும் தெரியும். ‘என்ர தம்பி செய்யேல்ல’ என்ற வசனம் வரப்போகிறது, இந்த இடத்தில் அதைச் சொன்னால் இனி இந்த ஊருக்குள் நாங்கள் கால் வைக்க முடியாது.

“என்ர தம்பி...” என்று தொடங்கினார். நின்றார். கைப்பையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

“அவருக்கு என்ன பேர், தங்கச்சி?”

“சமீம். முகம்மது சமீம்.”

“எனக்குத் தெரியாது. இத்தினை வருசம் எனக்குத் தெரியாது.”

நபீலா அவரை நேரே பார்த்தார். குரல் உயரவில்லை. “நீங்க மாசா மாசம் தம்பியைப் பார்க்கப் போறீங்க. படத்தில கண்டேன். பஸ் ஏறி, சாப்பாடு கட்டிக்கொண்டு போறீங்க. நான் ஆரைப் பார்க்கப் போறது?”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நபீலா மைக்கைத் தந்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது சேர் என்னுடைய தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. ஏசுவார் என்று நினைத்தேன். “தறப்பாளைக் கழட்டுவம் பிள்ளை, வெளிச்சம் வரட்டும்” என்றார்.

வானில் கனதூரம் வந்தபிறகு அக்காதான் கதைக்கத் தொடங்கினார். “கோட்டில ஒவ்வொரு தவணையும் நான் இருந்தனான். பேரை வாசிச்சிருப்பினம் சேர். சிங்களத்தில வாசிப்பினம். அதில தம்பியின்ர பேர் வாற இடத்தை மட்டும்தான் நான் காது குடுத்துக் கேக்கிறனான்.”

அடுத்த நாள் சேர் படம் எடுத்த பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். படம் முடிந்துவிட்டது, வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது. உண்மையான லொறியின் படம் கிடைக்கவில்லையாம், அதனால்தான் வேறொன்றைப் போட்டாளாம். “விளங்குது மகள். நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறீங்கள். ஆனா மாத்திற வரைக்கும் நாங்கள் இதைக் காட்டமாட்டம்” என்றார் சேர். அவள் கோபப்பட்டாள். சேர் வழமைபோல மெல்லக் கதைத்தபடியால் அவளும் கோபத்தைக் குறைத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. வெள்ளாங்குளத்தில் ஒழுங்கு செய்திருந்த காட்சியைத் தள்ளிவைத்தோம். நிலையத்துக்குள்ளேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. கைதிக்காக எடுத்த படத்தில் இதற்கெல்லாம் இடம் கொடுத்தால் படத்தின் பலம் குறையும் என்றார்கள். சேர் வாதாடவில்லை. படத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

கடைசியில் அந்தப் பெண் மன்னாருக்கு வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு நான் நபீலா வீட்டுக்குப் போனேன். கமராவும் கொண்டுவந்திருந்தாள். நபீலா தேத்தண்ணீர் தந்தார், கமராவைக் கண்டதும் கை காட்டி நிறுத்தினார்.

“என்னைப் படம் எடுக்க வேணாம். புள்ளைகளையும் வேணாம். பேரைப் போடுங்க. அந்தச் சிவப்பு லொறியை வெட்டி எடுங்க. அது போதும்.”

அவள் கமராவைப் பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

றெஜி பின்னாளில் வெளியே வந்தார். அவரிடம் அந்தப் படத்தைக் காட்டவா என்று கேட்டேன். “நான்தானே உள்ளுக்க இருந்தனான், எனக்கென்னத்துக்குப் படம்?” என்று சிரித்தார். இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. அது அவருடைய இஷ்டம். நான் சொல்லி முடிக்கவேண்டியது, அதற்கு முந்தி நடந்த வெள்ளாங்குளத்துக் காட்சியை.

பொழுது சாயப் படத்தைத் தொடங்கினோம். நல்ல சனம். மெற்றில்டா அக்கா திரைக்கு முதுகு காட்டி இருந்தார். எங்கள் பின்வரிசைக்காரரும் தன் இடத்தில் நின்றார். படம் கண்ணிவெடிக் கட்டத்துக்கு வந்தது. சிவப்பு லொறி இல்லை. அந்த இடத்தில் திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர், சத்தம் எதுவும் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும்.

“கரண்ட் போயிட்டுது!” என்று கத்தினார் ஒருவர்.

“ஜெனரேற்றரைப் பாருங்கோ!”

“எண்ணெய் முடிஞ்சுபோச்சுப் போல!”

பின்வரிசைக்காரர் உண்மையாகவே ஜெனரேற்றரைப் பார்க்க ஓடினார். நானும் எழும்பினேன். அதற்குள் மெற்றில்டா அக்கா கதிரையில் இருந்தபடியே திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல்தரம்.

“கரண்ட் போகேல்ல. பேர் கிடக்கு. வாசியுங்கோ” என்றார்.

சத்தம் அடங்கியது. சிலர் வாய்க்குள் எழுத்துக் கூட்டுவது கேட்டது. பிறகு படம் தொடர்ந்தது.

முடிந்ததும் சேர் இனிப்பை வாயில் போட்டார். கரைந்ததும் நான் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் எழும்பி, எங்கட பிள்ளையைப் பற்றின படத்தில் லொறிக்காரருடைய பெயர் என்னத்துக்கு என்று கேட்டார். எதிர்பார்த்துப் போன கேள்விதான். நான் சேரைப் பார்க்கமுதல், தலையில் முக்காடு போட்டிருந்த ஒரு வயதான பெண் அவரை மறித்தார்.

“நீ கொஞ்சம் இரு தம்பி. அந்த சமீம் எண்டவருக்குப் பிள்ளையள் எத்தினை?”

எங்கள் காட்சிகளில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. என்னிடம் மறுமொழி இருந்தது, ஆனால் அதைச் சொல்வது என் வேலை இல்லை.

“மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்” என்றார் மெற்றில்டா அக்கா. “மூத்தவள் இந்த முறை ஓ எல் சோதனை எடுக்கிறாள், கணக்கு நல்லாச் செய்வாள். கடைசியாளுக்குத் தகப்பன்ர முகம் நினைவில்ல. நடுவிலாளுக்குப் பெருநாள் சட்டை நான்தான் தைச்சனான். கை கொஞ்சம் நீளமாப் போச்சுது. வாற கிழமை போய் வாங்கிக்கொண்டு வந்து திருத்திக் குடுக்கவேணும்.”